பந்து வராத பக்கம்: அணி எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அணி எடுக்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

தொண்டியிலிருந்து மண்டபம், ஏர்வாடி வரைக்கும் உள்ள ஊர்ப் பையன்களைச் சேர்த்து ஒரு கரையோர ஹாக்கி அணி எடுத்திருக்கிறீர்கள். சந்தோஷம். வாட்ஸ்அப்பில் வந்த பதினெட்டுப் பெயர்களையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எங்கள் ஊர் ஃபுல்பேக் பையன், அதாவது கோலுக்கு முன்னால் கடைசி வரிசையில் நின்று தடுக்கிறவன், அவன் பெயர் அதில் இல்லை. கேட்டதற்கு உங்களில் ஒருவர் சொன்னது இது: "முரட்டுப் பையன்ணே. ஒரு கோல் கிடையாது, சொல்லிக்கிற மாதிரி ஒரு பாஸ் கிடையாது. எதை வச்சு எடுக்கிறது?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். பையன் எனக்குச் சொந்தக்காரன் இல்லை. நானும் ஒரு காலத்தில் ஃபுல்பேக் ஆடியவன், அவ்வளவுதான் உறவு. அதற்குச் சாட்சியாக முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் தழும்பு இருக்கிறது.

சித்திரையில் நடந்த அரையிறுதியை நீங்களும் பார்த்தீர்கள். நீங்கள் பந்தல் நிழலில், நான் எதிர்ப்பக்கம் கருவேல மரத்தடியில், பையன் நின்ற ஓரமாக. எதிரணியில் லெஃப்ட் விங் ஆடியவனுக்கு என்ன வேகம்! முதல் குவார்ட்டரில் நாலு தடவை இந்தப் பக்கம் வந்தான். முதல் தடவை பையன் பாயவே இல்லை. முழங்காலை மடக்கி, ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்து, விரல்முட்டி மண்ணில் உரசுகிற அளவுக்குக் குனிந்துகொண்டு, பக்கவாட்டில் அடி அடியாகப் பின்வாங்கினான். விங்கர் உள்ளே வெட்டப் பார்த்தான், இடம் இல்லை. கோட்டை ஒட்டியே ஓடி ஓடி, கடைசியில் பந்து தானாக வெளியே போனது. இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை பந்து வரும் வழியில் ஸ்டிக்கை ஊன்றி நின்றுவிட்டான். மோதியவன்தான் விழுந்தான், நடுவர் விசில் ஊதவில்லை. நாலாவது தடவை பந்து கைக்கு வந்ததும் விங்கர் நிமிர்ந்து யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான். பார்த்துவிட்டுப் பின்னால் தள்ளிவிட்டான். அதற்குப் பிறகு மூன்று குவார்ட்டரும் அவர்கள் ஆட்டம் எங்கள் இடப்பக்கமாகவே ஓடியது.

அந்த இடப்பக்கத்தில் நின்ற நம் இன்னொரு டிஃபெண்டர் பந்தைப் பறித்தான், பறித்தான், பறித்துக்கொண்டே இருந்தான். சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று டேபிள் ஃபேன் கொடுத்தீர்கள். நல்ல பையன், நன்றாகத்தான் ஆடினான், நானும் கைதட்டினேன். ஆனால் அத்தனை பந்தும் அவன் பக்கமே ஏன் வந்தது என்று மேடையில் ஒருவரும் கேட்கவில்லை.

கபடியில் நமக்கு இது நன்றாகத் தெரியும். ஓரத்தில் நின்று பிடிக்கிற நல்ல கார்னர் இருக்கிற பக்கம் ரெய்டர் காலை நீட்ட மாட்டான். பாட்டுப் பாடிவிட்டு மற்றப் பக்கம் போய்விடுவான். அந்த கார்னருக்கு டேக்கிள் புள்ளி குறைவாகத்தான் விழும், அதற்காக அவனை டீமிலிருந்து யாரும் தூக்குவதில்லை. ஹாக்கி என்று வந்ததும் அந்தக் கண் எங்கே போய்விடுகிறது?

'முரட்டுப் பையன்' என்ற சொல்லுக்கு வருகிறேன். டொராண்டோவில் இருக்கிற என் தங்கை மகன் ஐஸ் ஹாக்கிப் பைத்தியம். அந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதில் ஒரு வட்டு; வட்டு வைத்திருப்பவனைத் தோளால் இடித்து, களத்தைச் சுற்றியுள்ள பலகையோடு சேர்த்து அழுத்துவது விதிப்படி செல்லும். எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் களத்துக்குள் வரும்போதெல்லாம் அவனைக் கட்டிப்போடுவதற்கென்றே ஒரு தடுப்பாளனை இறக்குவார்களாம். ஷட்டவுன் டிஃபென்ஸ்மேன் என்று பெயர். அங்கே இடியைக்கூட எண்ணிக் கணக்கு வைக்கிறார்கள். அதிலும் ஒரு கூத்து இருக்கிறது. வட்டு யாரிடம் இருக்கிறதோ அவனைத்தானே இடிக்க முடியும்? அப்படியானால் இடிக் கணக்கு ஏறினால், வட்டு எதிரியிடமே அதிக நேரம் இருந்தது என்றும் அர்த்தமாகலாம். ராட் லாங்வே என்று ஒருவர். 1982-83 சீசனில் அவர் அடித்தது வெறும் 3 கோல். ஆனாலும் அந்த வருஷம் என்.எச்.எல் என்கிற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் சிறந்த தடுப்பாளருக்கான நாரிஸ் கோப்பையை அவருக்குத்தான் கொடுத்தார்கள், அடுத்த வருஷமும் அவருக்கே. கோல் அடிக்கிற தடுப்பாளர்கள் பலர் இருந்த காலத்தில் அவரை எடுத்துக் கொடுத்தவர்கள், எதை வைத்துக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஆட்டம் அது இல்லை. உடம்பால் இடித்தால் ஃபவுல், டி-க்குள், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டத்துக்குள், இடித்தால் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் என்கிற கோல் வாய்ப்பு, வேண்டுமென்றே செய்தால் அதற்கு மேலும் போகும். அதனால் நம் ஃபுல்பேக்குக்கு உடம்பு எதற்கு? இடிக்க இல்லை, அசையாமல் நிற்க. இந்தப் பையன் சின்ன வயதிலிருந்து கரைவலை இழுத்தவன். குதிகாலை மணலில் புதைத்து, இடுப்பைத் தாழ்த்தி, கயிறு இழுக்கிற இழுப்புக்கு ஆடாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போகிற அந்த நிலையைப் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா? மைதானத்தில் அவன் நிற்பதும் அச்சாக அதேதான். எந்தக் கோச்சும் சொல்லிக்கொடுத்ததில்லை.

நிற்கத் தெரிந்தவனின் அருமை பெனால்டி கார்னரில்தான் தெரியும். கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்தே பேர் தடுக்கலாம். அதில் ஒருவன் பந்து அடிக்கப்படுகிற இடத்தை நோக்கி நேராக ஓட வேண்டும், முதல் ரஷர். டோக்கியோவில் 2021 ஆகஸ்ட் 5 அன்று ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கினோமே, கடைசி விநாடிகளில் ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் ரஷராக ஓடிய அமித் ரோஹிதாஸின் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

அதே ரோஹிதாஸை வைத்தே மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 பாரிஸ் காலிறுதியில், பிரிட்டனுக்கு எதிராக, 17-ஆவது நிமிடத்தில் அவர் ஸ்டிக் எதிராளியின் தலையில் பட்டது. சிவப்பு அட்டை. மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேரோடு ஆடி, ஷூட்-அவுட்டில் 4-2 என்று தப்பித்தோம். ஆனால் ரோஹிதாஸுக்கு ஒரு ஆட்டத் தடை. ஜெர்மனியோடு அரையிறுதியில் அவர் இல்லை. அவர்களின் முதல் கோலே பெனால்டி கார்னரில்தான் விழுந்தது, 2-3 என்று தோற்றோம். அவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று நான் அடித்துப் பேசவில்லை. ஆனால் இப்படிப்பட்டவன் பெஞ்சில்கூட இல்லாமல் போனால், அவன் இடத்தில் உடனே நிறுத்த ஆள் கிடைப்பது கஷ்டம்.

எங்கள் பையனும் இந்த விஷயத்தில் சுத்தம் இல்லை. லீக் ஆட்டம் ஒன்றில் ஆத்திரப்பட்டுத் தோளைக் கொடுத்து மஞ்சள் அட்டை வாங்கினான். அவன் ஓரமாக உட்கார்ந்திருந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு கோல் விழுந்தது. அப்புறம் இன்னொன்று: பந்தைப் பறிக்கிற வரைக்கும் புத்தி வேலை செய்கிறது, பறித்ததும் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுகிறான். பந்து திரும்ப எதிரியிடமே போகிறது. டர்ஃப் என்கிற செயற்கைப் புல்தரையில் ஆடினால் திரும்புவதிலும் மெதுவாகத் தெரிவான். நம் கட்டாந்தரையில் மேடுபள்ளம் அவனுக்கு உதவி செய்கிறது, மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பை நடந்த மாதிரியான டர்ஃபில் அந்த உதவி கிடைக்காது. அதனால் அவனைத் தனியாக நிறுத்தாதீர்கள். பின்னால் வேகமான ஒருவனை விட்டு, முன்னால் இவனை நிறுத்துங்கள். உங்கள் டேபிள் ஃபேன் பையன் அதற்குச் சரியான ஆள். இரண்டு பேரில் யார் நல்லவன் என்று பார்த்தது போதும், இரண்டு பேரையும் சேர்த்துப் பாருங்கள்.

சித்திரையில் நடந்த நம் அரையிறுதியில் நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். எதிரணி எந்தப் பக்கமாக டி-க்குள் நுழைகிறது, அவ்வளவுதான் கணக்கு. இடப்பக்கக் கோடுகள் ஒரு வரி நிரம்பி அடுத்த வரிக்குப் போய்விட்டன. வலப்பக்கம் ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிட்டது. அதோடு, அவன் செய்த ஃபவுலால் எத்தனை பெனால்டி கார்னர் போனது, அட்டையால் எத்தனை நிமிடம் ஆள் குறைந்தது, பறித்த பந்தில் எத்தனை நம் ஆளிடமே போய்ச் சேர்ந்தது என்பதையும் குறித்துக்கொண்டால், கோல் கணக்கு சொல்லாததை அது சொல்லிவிடும். எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் களத்தில் இருக்கும்போது இவன் இருந்தானா என்பதையும் பாருங்கள். லேசான ஆள்களுக்கு எதிராகக் கோடு குறைவாக இருப்பது பெரிய காரியம் இல்லை.

பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை என்றும் சொன்னீர்கள். விசைப்படகில் போகிறவன் ஐந்து மணிக்கு மைதானத்துக்கு எப்படி வருவான்? கரைக்கு வந்து, மீன் இறக்கி, வலை பார்த்து முடிக்கவே பொழுது போய்விடும். இது அவன் குற்றம் இல்லை, நம் நேர அட்டவணையின் குற்றம். இன்னும் ஒன்று: அவன் இதுவரை முகக் கவசம் இல்லாமல்தான் பெனால்டி கார்னருக்கு ஓடுகிறான். அவனை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், முதல் ரஷராக எவன் ஓடினாலும் அவனுக்கு ஒரு கவசம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கோப்பைக்குச் செலவு செய்வதில் பாதி ஆகாது.

இப்போது தடைக்காலம். ஜூன் 14 வரைக்கும் பையன் கரையில்தான் இருப்பான். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தினமும் மைதானத்துக்கு வந்துவிடுகிறான். உங்களில் யாராவது ஒருவர் ஒரு நாள் வாருங்கள். பந்தலுக்குப் போக வேண்டாம், கருவேல மரத்தடிக்கு வந்துவிடுங்கள். நோட்டும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஃபுல்பேக்