யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு பதிவாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களை அடுத்த தேர்தல் வரை காத்திராமல் கேள்வி கேட்கத் தொழில்நுட்பம் கைகொடுக்கும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அது பெரும்பாலும் புகார்ச் செயலிகளில் வந்து முடிந்துவிடுகிறது. எரியாத தெருவிளக்கைப் படமெடுத்து அனுப்பினால், சில நாட்களில் ‘தீர்வு காணப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வருகிறது. விளக்கு எரிகிறதா என்பது வேறு விஷயம். நான் அனுப்பிய புகார் ஒன்று இப்படி மூன்று முறை தீர்க்கப்பட்டிருக்கிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தச் செயலி கண்காணிப்பது கீழ்நிலை ஊழியரைத்தான். அவருக்கு எவ்வளவு நிதி, எத்தனை ஆட்கள் என்று அவையில் அமர்ந்து முடிவு செய்தவரின் பெயர் அதில் எங்கும் வருவதில்லை.

சட்டம் இயற்றுவது, வரவு செலவுக்கு ஒப்புதல் தருவது, அமைச்சர்களைக் கேள்வி கேட்பது ஆகியவையே மக்கள் பிரதிநிதியின் முதன்மையான வேலைகள். பிரிட்டனில் 2004-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘தே வொர்க் ஃபார் யூ’ என்ற இணையதளம் இந்த வேலையைத்தான் குறிவைத்தது. நாடாளுமன்றம் ஏற்கெனவே வெளியிட்டுவந்த அவைக் குறிப்புகளை எடுத்து, உறுப்பினர்வாரியாகப் பிரித்து அடுக்கினார்கள். அஞ்சல் குறியீட்டைத் தட்டினால், தொகுதியின் உறுப்பினர் என்ன பேசினார், எந்த மசோதாவில் எப்பக்கம் வாக்களித்தார் என்பது திரையில் வந்துவிடும். அவர் அடுத்த முறை அவையில் வாய் திறந்தால் மின்னஞ்சலில் தகவலும் வரும். கணக்கில் காட்டுவதற்காகவே சிலர் எழுந்து ஓரிரு வரி பேசிவிட்டு அமர்கிறார்கள் என்ற புகாரும் பின்னாலேயே வந்தது. எண்ணிக்கையைத் தரமாகக் கொள்ள வேண்டாம் என்று அந்தத் தளமே குறிப்புப் போட வேண்டியதாயிற்று. வருகைச் சதவீதத்தையும் கேள்விகளின் எண்ணிக்கையையும் வைத்து உறுப்பினர்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்கள் நம் கைப்பேசிகளுக்கு வரும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கென்யாவில் நடந்தது இன்னும் சுவையானது. தங்கள் தன்விவரக் குறிப்புகள் நாடாளுமன்ற இணையதளத்தில் வெளியானதற்கு உறுப்பினர்களே எதிர்ப்புத் தெரிவிக்க, அந்தத் தளம் முடக்கப்பட்டது. அதைக் கண்ட இருவர் 2005-இல் ‘மசலெண்டோ’ என்ற தளத்தைத் தாங்களாகவே தொடங்கி, அவை நடவடிக்கைகளைத் தொகுக்கலானார்கள். பிரேசிலில் 2016-இல் தொடங்கிய தன்னார்வத் திட்டம் ஒன்று ‘ரோசி’ என்ற கணினி நிரலை உருவாக்கியது. கீழவை உறுப்பினர்கள் உணவு, பயணம், எரிபொருள் என்று அலுவல் செலவாகக் காட்டித் திரும்பப் பெறும் தொகைகளை அது ஒவ்வொன்றாக அலசி, ஐயத்துக்குரியவற்றை ட்விட்டரில் உறுப்பினரின் பெயரோடு வெளியிட்டு, சரிபார்க்க மக்களையும் அழைத்தது. ரோசியின் சாமர்த்தியத்தைப் பலரும் புகழ்ந்தார்கள். எனக்கென்னவோ அந்தப் பாராட்டில் பெரும்பங்கு ரசீதுகளுக்குப் போக வேண்டும் என்று தோன்றுகிறது. செலவு விவரங்களைப் பெயரும் தேதியும் தொகையுமாக அவையே வெளியிட்டிருக்காவிட்டால், ரோசிக்கு வேலையே இருந்திராது.

இந்திய நாடாளுமன்றத்தில் சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அரசியல் சாசனத் திருத்தங்கள் தவிர்த்த மசோதாக்களில் பெரும்பாலானவை குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. அவைத் தலைவரின் கணிப்பை ஏற்காமல் உறுப்பினர் யாரேனும் டிவிஷன், அதாவது வாக்குகளைப் பதிந்து எண்ணும் வாக்கெடுப்பு, கேட்டு, அது ஏற்கப்பட்டால் மட்டுமே யார் எப்பக்கம் என்பது பதிவாகும். மக்களவையில் வாக்குப்பதிவுக் கருவி 1957-லேயே பொருத்தப்பட்டுவிட்டது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இருக்கையில் பொத்தான் இருந்தும் வாயால் வாக்களிக்கிறார்கள். நேரலையை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும், ஒரே இரைச்சலாக எழும் ‘ஆம்’களில் நம் தொகுதிக்காரரின் குரல் எது என்று கண்டுபிடிக்க முடியாது.

1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா சொல்வதுதான் வாக்கு, அதைப் பெயரோடு பதிவதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், கட்சி சொன்னபடி வாக்களித்தவர் அதைத் தொகுதி மக்கள் முன் தன் வாக்காகவே ஏற்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். வாக்கெடுப்பு நாளில் அவைக்கே வராதவரும் தப்ப முடியாது. இப்போது இரு தரப்பாருக்கும் அந்தத் தொல்லை இல்லை.

பதிவு இருக்கும் இடங்களிலும் அது கிடைக்கும் வடிவம் மற்றொரு தடையாகிறது. சட்டப்பேரவை ஒன்றின் பழைய நடவடிக்கைக் குறிப்பை அண்மையில் தரவிறக்கினேன். சற்றே சாய்ந்திருந்த பக்கங்கள், ஓரத்தில் யாரோ அழுத்திப் பிடித்த விரலின் நிழல். உறுப்பினர் ஒருவரின் பெயரைத் தேடியபோது ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று வந்தது. கண்ணால் படித்துப் போனபோது அதே பெயர் நான்கு இடங்களில் இருந்தது. எழுத்துக்களாக இல்லாமல் வெறும் படங்களாக ஏற்றியதன் விளைவு இது.

ஆகவே, புதிய செயலிகளை அறிவிப்பதற்கு முன், மசோதாக்கள் அனைத்தின் மீதும் கருவி மூலம் பெயர்வாரியான வாக்கெடுப்பு நடத்தவும், அதன் முடிவை அன்றே அட்டவணையாக வெளியிடவும் அவைகள் தங்கள் விதிகளைத் திருத்த வேண்டும். அவைக் குறிப்புகளுக்குக் கூடுதல் செலவுகூட இல்லை. இன்று அவை கணினியில் தட்டச்சாகித்தான் அச்சுக்குப் போகின்றன. அச்சான தாளை மீண்டும் படமெடுத்து ஏற்றுவதற்குப் பதிலாக, அந்தக் கோப்பை அப்படியே வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்