கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அறிவியல் ஆய்வுக்கு அறக்கட்டளைகள் தரும் நிதியுதவி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். யார், எதற்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்று விரிவாக எழுதிவிட்டு, அறிவியலை மக்களிடம் கொண்டு செல்வதைக் கடைசி இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நிதி விண்ணப்பங்களிலும் பெரும்பாலும் அதற்கு அந்த இடம்தான். ஆய்வு முடிந்து மிச்சமிருக்கும் காசில் ஒரு கண்காட்சி, ஒரு குறும்படம், அப்புறம் இத்தனை பேர் பார்த்தார்கள் என்று அறிக்கையில் ஓர் எண்.

மக்களையும் சேர்த்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு, அமெரிக்காவில் போலியோவுக்கு எதிராகத் திரட்டிய நிதியைப் பாருங்கள். 1938இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய அமைப்பு, செல்வந்தர்களை மட்டும் நம்பாமல் ஆளுக்கு ஒரு பத்து சென்ட் நாணயம் கேட்டது. வெள்ளை மாளிகைக்குத் தபாலிலேயே நாணயங்கள் வந்து குவிந்தன. ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி ஆய்வு நடந்ததும் அந்த அமைப்பின் பணத்தில்தான். 1954 சோதனையில் சுமார் 18 லட்சம் குழந்தைகள் சேர்ந்தார்கள். பலிக்குமா என்று தெரியாத ஊசி. அதிலும் பல குழந்தைகளுக்குப் போட்டது மருந்தே இல்லாத வெற்று ஊசி. இதற்குப் பெற்றோர்கள் சம்மதித்ததில் போலியோ பயத்துக்கும் பங்குண்டு. ஆனால் தங்கள் காசில் நடக்கும் ஆய்வு என்ற எண்ணமும் சேர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, அமெரிக்காவின் ஸ்லோன் அறக்கட்டளையின் உதவியோடு நடந்த வான ஆய்வு. அதில் எடுத்த படங்களை வைத்து 2007இல் ‘கேலக்ஸி ஸூ’ என்ற இணையத் திட்டம் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் விண்மீன் மண்டலங்களைப் பார்த்து, உருவத்தை வைத்து வகை பிரிக்கலாம். நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல், ஒரு மண்டலத்தின் அருகே விநோதமான திட்டு ஒன்றைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். வானியலாளர்களுக்கும் உடனே விடை தெரியவில்லை. அந்த மண்டலத்தின் நடுவே முன்பு கொழுந்துவிட்டெரிந்து பிறகு அடங்கிப்போன குவாசரின் (கருந்துளை விழுங்கும் பொருளால் பேரொளி வீசும் மையம்) ஒளியில் மிளிரும் வாயு மேகம் அது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். ஹபிள் தொலைநோக்கியும் அதைப் படம் பிடித்தது. கேட்டவரின் கேள்வியை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இருந்ததால் நடந்தது இது.

அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் வருகிறது? பல இடங்களில் ஆய்வு மாணவர்கள்தான் தங்கள் விடுமுறை நாளில் இதைச் செய்கிறார்கள். கட்டடத்துக்குப் பணம் தந்தால் வாசலில் பெயர் பொறிக்கலாம். பதில் சொல்பவரின் சம்பளத்தில் யார் பெயரைப் பொறிப்பது? ஆய்வு தொடங்கும் நாளிலேயே, ஆய்வுக் கருவிக்கு ஒதுக்குவது போல இதற்கும் தனித்தொகை ஒதுக்க வேண்டும். தோற்றுப்போன ஆய்வைப் பற்றியும் மக்களிடம் சொல்ல அந்தப் பணத்தில் அனுமதி இருக்க வேண்டும்.

அடுத்த முறை அறக்கட்டளைத் தலைவர் யாரையாவது பேட்டி கண்டால், சென்ற ஆண்டு மக்கள் கேட்ட கேள்வியால் மாறிய ஆய்வு ஏதாவது உண்டா என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்