கரண்ட் போனபோது எங்கே நின்றது? மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

யாங்கோனிலிருந்து, அதாவது நம் பழைய ரங்கூனிலிருந்து, உங்கள் அக்கா மகன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போன் பேசும்போதெல்லாம் "என்ன படம்டா பார்த்தே?" என்று கேட்கிறீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்துவிடுகிறது. அதனால் நாலு பேர் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சினிமாவை ஆராய்கிறவன் இல்லை. கரண்ட் வந்தால் பார்க்கிறவன். கரண்ட் வந்ததும் முதலில் மோட்டார் போட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். அப்புறம் சோற்றுப் பானை, அப்புறம் எல்லோருடைய போனும் சார்ஜில். இதெல்லாம் முடிந்து மிச்சம் இருக்கிற நேரம்தான் டிவிக்கு. ஒரு படத்தை மூன்று நாளில் பார்ப்பது எங்கள் வீட்டில் சாதாரணம். படம் நல்ல படமா என்று கண்டுபிடிக்க இதில் ஒரு வசதியும் இருக்கிறது. பாதியில் கரண்ட் போகும்போது "அய்யோ" என்று யாராவது கத்தினால் நல்ல படம். சத்தமில்லாமல் எழுந்து பாயை விரித்தால் முடிந்தது கதை.

'கைதி'க்கு வீடே கத்தியது. கார்த்தி வாளியிலிருந்து பிரியாணியை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிற இடத்தில் போனது கரண்ட். அந்த இருட்டில் எங்கள் எல்லோருக்கும் பசி. பாட்டு கிடையாது, ஜோடி கிடையாது, ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. மறுநாள் விட்ட இடத்திலிருந்து பார்த்தபோதும் சூடு ஆறவில்லை. அதற்குப் பிறகு அதே லோகேஷ் கனகராஜ் எடுத்த 'விக்ரம்' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. துப்பாக்கி நிறைய, பசி இல்லை.

'சுழல்' வெப் சீரிஸ் முதல் சீசன் எட்டுப் பகுதியும் பார்த்தோம். மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதையோடு பின்னிய விதம் பிரமாதம். ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் உட்கார வைத்து விளக்கியதில் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

சீரியல் பற்றி அத்தை கேட்டார்களாம். என் மனைவி 'எதிர்நீச்சல்' கட்சி. 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் இதையும் எடுத்தார். சீரியலுக்கும் எங்கள் ஊர் கரண்டுக்கும் ஜாதகப் பொருத்தம் அமோகம். மூன்று நாள் பார்க்காமல் விட்டாலும் எல்லோரும் அதே கூடத்தில் அதே முறைப்போடுதான் நின்றுகொண்டிருப்பார்கள். ஆனால் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபோது சொந்தக்காரர் போனது போலத்தான் இருந்தது. அப்புறம் அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர்தான். என்றாலும் வீட்டில் ஒருவர் போன பிறகு அவர் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்தால் வருகிற சங்கடம் கடைசிவரை போகவில்லை.

குணசேகரன் என்றதும் நினைவு வருகிறது, 'பராசக்தி'யில் சிவாஜியின் பெயரும் அதுதான். போன மாதம் மகளுக்குப் 'பராசக்தி' போட்டுக் காட்டினேன். 1952-ல் வந்த படம், ரங்கூனில் இருக்கிற மூன்று அண்ணன்மாரின் கதை, நம் ஊர்க் கதை என்றெல்லாம் பெரிதாகச் சொல்லி உட்கார வைத்தேன். கோயில் வகுப்பில் வாரம் இரண்டு நாள் தமிழ் படிக்கிறாள், பள்ளிக்கூடத்தில் முழுக்க பர்மிய மொழி. கோர்ட் காட்சி வந்ததும், "அவர் ஏன்ப்பா மூச்சே விடாமல் பேசுகிறார்?" என்று கேட்டாள். எப்படி விளக்குவது? "அப்போது அப்படித்தான் பேசுவார்கள்" என்றேன். "தாத்தா காலத்தில் யாரும் மூச்சு விடமாட்டார்களா?" என்றாள்.

ஆனால் அவள் கேட்ட இன்னொரு கேள்விதான் எனக்குள் தங்கிவிட்டது. "நம்ம ஊர் எப்போ வரும்?" படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ரங்கூன் முடிந்துவிடுகிறது, மாமா. கப்பலில் இடம் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது, சிவாஜி ஏறிவிடுகிறார். அப்புறம் மற்ற இரண்டு அண்ணன்மாரும் யுத்தத்துக்குப் பயந்து கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு மேல் இங்கே யார் இருந்தார்கள் என்று படத்துக்குக் கவலை இல்லை. 2017-ல் 'ரங்கூன்' என்று பெயரே வைத்து ஒரு படம் வந்தது. அதன் நாயகனும் சின்ன வயதில் இங்கிருந்து சென்னைக்குப் போன பிள்ளைதான். வடசென்னைத் தெருக்களும் தங்கக் கடத்தலும் விறுவிறுப்பாக இருந்தன, குறை சொல்லமாட்டேன். ராஜ்குமார் பெரியசாமிக்கு அதுதான் முதல் படம், பிறகுதான் 'அமரன்' எடுத்தார். ஆனாலும் தமிழ் சினிமாவுக்கு பர்மாத் தமிழன் என்றால் பர்மாவை விட்டுப் போனவன்தான். போகாதவனுக்கு ஒரு குளோசப் கூடக் கிடையாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 'மெய்யழகன்' பார்த்தேன். பர்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தஞ்சாவூரை விட்டு மனக்கசப்போடு சென்னைக்குப் போன அரவிந்த்சாமி, பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். கூடவே ஒட்டிக்கொண்டு திரிகிற கார்த்தியின் பெயர் அவருக்கு நினைவில்லை. படம் நீளம் என்று வெளியான பிறகு பதினெட்டு நிமிஷம் வெட்டினார்களாம். எங்கள் வீட்டில் கரண்ட்காரர்களே நாலு துண்டாக வெட்டினார்கள், எங்களுக்கு நீளமாகத் தெரியவில்லை.

அரவிந்த்சாமி போட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள் தங்கள் குடும்பத்துக்கு என்னவெல்லாம் செய்தது என்று கார்த்தி சொல்வார் பாருங்கள். போனவருக்கு அந்த சைக்கிள் ஞாபகத்திலேயே இல்லை. அந்த இடத்தில் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கரண்ட் போகவில்லை, அம்மாதான் போனார்.

1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ஐம்பது நூறு கியாட் நோட்டுகளும் செல்லாது என்றான பிறகு நீங்களும் தாத்தாவும் கப்பல் ஏறினீர்கள். கல்யாணமாகிவிட்ட அம்மா இங்கேயே நின்றுவிட்டார். தாத்தாவின் தையல் மெஷினை அப்போது விட்டுவிட்டுப் போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் ரவிக்கை தைத்துத்தான் அம்மா எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். பெல்ட் எத்தனை தடவை மாற்றினோமோ கணக்கில்லை. மிதி மெஷின் என்பதால் கரண்ட் போனாலும் அது ஓடும், அந்தத் தெனாவெட்டு அதற்கு உண்டு. இதைப் போனில் உங்களிடம் சொன்னதே இல்லை என்று அன்றுதான் உறைத்தது.

சரி, மோட்டார் போடும் நேரம் வந்துவிட்டது. 'மெய்யழகன்' பார்க்கவில்லை என்றால் பாருங்கள், உங்களுக்குத்தான் கரண்ட் தொந்தரவு இல்லையே, ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். அப்புறம், தன் தம்பியான உங்களுக்கு ஒரு சட்டை தைக்க வேண்டும் என்று அம்மா துணி எடுத்து வைத்திருக்கிறார். கண் சரியாகத் தெரிவதில்லை, ஊசியில் நூல் கோத்துத் தர மகள் இருக்கிறாள். தோள், மார்பு, கை நீளம் மூன்றும் அளந்து அனுப்புங்கள். இஞ்சில் போதும்.

அன்புடன்,
அக்கா மகன்