ரேட் மட்டும் போடாதீங்க, எந்த மாசம் எந்தக் கரைன்னும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வெளிநாட்டு டூர் பத்தி எப்ப வந்தாலும் நான் விடாம படிச்சிருவேன். மாலத்தீவு, பாலி, தாய்லாந்துன்னு படம் நல்லா போடுறீங்க, எத்தனை நாள் எவ்வளவு ரூபாய்னும் போடுறீங்க. ஆனா அங்க எந்த மாசம் காத்து எங்கிட்டு இருந்து அடிக்கும், எந்தக் கரை அமைதியா இருக்கும்னு ஒரு வரி கூட இருக்க மாட்டேங்குது. இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன், எங்களுக்கு நடந்ததையே சொல்லிர்றேன்.

நான் மண்டபத்துல விசைப்படகு வச்சிருக்கேன். எங்க கடக்கரை ஊருங்கள்ல முன்னாடி வெளிநாடுன்னா சம்பாதிக்கப் போறதுதான், இப்ப துபாய்லயும் சிங்கப்பூர்லயும் இருக்க பிள்ளைங்க அப்பா அம்மாவை நல்லா ஒரு இடம் சுத்திப் பாத்துட்டு வாங்கன்னு பணம் கட்டி அனுப்புதுங்க. எங்களுக்கு லீவுன்னா மீன்பிடித் தடைக்காலம் தான், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். அதுலயும் முதல் ஒரு மாசம் படகைக் கரையேத்தி பலகை பாத்து பெயிண்ட் அடிச்சு இன்ஜின் வேலை முடிக்கவே போயிரும், அதனால மே கடைசியில போறோம்னு பெரியவன்கிட்ட சொன்னேன், அவன் துபாய்ல இருந்தே ஒரு ட்ராவல்ஸ்ல பேசி மாலத்தீவுல கடலுக்கு மேல கட்டின வில்லா அஞ்சு ராத்திரிக்கு புக் பண்ணிட்டான். சீசன் எப்படின்னு அந்த ட்ராவல்ஸ்காரர்கிட்ட கேட்டதுக்கு, வருஷம் பூரா 30 டிகிரி சார், எப்ப வேணா போகலாம், இப்ப ரேட்டும் கம்மின்னு சொல்லிருக்காரு. 30 டிகிரிங்கிறது உண்மைதான். ஆனா கடலுக்குப் போறவன் வெயிலையா பாப்பான், காத்தைத்தானே பாப்பான்?

கொழும்பு வழியா மாலே போய் இறங்கவே சாயங்காலம் ஆயிருச்சு. தண்ணியில இறங்குற சின்ன விமானத்துலதான் தீவுக்குப் போகணும், அது பகல்ல மட்டும்தான் பறக்கும், பொழுது சாஞ்சா கிடையாது. இதையும் யாரும் சொல்லல. முதல் ராத்திரி மாலேயிலயே ரூம் எடுத்துத் தங்கினோம், வில்லாவுக்குக் கட்டின அன்னைக்கு காசு வீணாப் போச்சு.

மறுநாள் போய்ப் பாத்தா வில்லா அவ்வளவு அழகு, அதைக் குறை சொல்ல முடியாது. தரையில ஒரு இடத்துல கண்ணாடி போட்டு கீழ மீன் தெரியிற மாதிரி வச்சிருந்தாங்க, வெளிய மரப்பலகை திண்ணை, அதுல இருந்து நேரா கடல்ல இறங்க படி. ஆனா அந்தப் படிக்குக் குறுக்க கயிறு கட்டிருந்துச்சு, பக்கத்துல சிவப்புக் கொடி. கண்ணாடி வழியா குனிஞ்சு பாத்தேன், தண்ணி கலங்கி சுண்ணாம்பு கரைச்ச மாதிரி இருந்துச்சு, மீன் ஒண்ணும் தெரியல. வெளிய வந்து நின்னதும் மூஞ்சியில அடிச்ச காத்துலயே எனக்குப் புரிஞ்சு போச்சு, இது நம்ம கச்சான். மேக்க இருந்து வர்ற அதே காத்துதான். மழை நாள் பூரா பெய்யல, வரும் போகும், அது பரவாயில்ல, இந்தக் காத்துதான் நிக்கவே இல்ல. ராத்திரி அலை தூணுல மோதி மோதி கட்டில் வரைக்கும் அதிருது. வீட்டம்மா ரெண்டு ராத்திரி தூங்கல, ஆசையா எடுத்துட்டு வந்த துணியைக் கூட மாத்தாம கதவை அடைச்சுக்கிட்டு உள்ளயே உக்காந்துருந்துச்சு, அதைப் பாக்க எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாப் போச்சு.

தீவுக்குப் போன மூணாம் நாள் காலையில சும்மா தீவைச் சுத்தி நடந்தேன், கால் மணி நேரத்துல சுத்திறலாம், அவ்வளவு சின்னத் தீவு. கிழக்குப் பக்கம் போனதும் அப்படியே நின்னுட்டேன். தண்ணி தட்டுல ஊத்தி வச்ச மாதிரி அசையாம கிடக்கு, அடியில மணல் வரி வரியா தெரியுது. எங்க வில்லா வரிசை மேக்குப் பக்கம், காத்துக்கு நேரா. கிழக்குல இருந்த ரூம்கள் நாங்க கட்டினதை விட விலை கம்மி! ஆபீஸ்ல போய்க் கேட்டு கடைசி ரெண்டு ராத்திரிக்கு அங்கிட்டு மாத்தி வாங்குனேன், அப்பறம்தான் வீட்டம்மா கடல்ல காலே வச்சுச்சு.

இது எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விஷயங்க. கச்சான் அடிக்கிற மாசத்துல தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிச்சுக் கிடக்கும், வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், குளம் மாதிரி இருக்கும். வடகிழக்க இருந்து வர்ற வாடைக் காத்து திரும்பினா வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கிரும், நாங்களும் தொழிலை அதுக்குத் தக்கன மாத்திக்குவோம். ஜூன் மாசம் தனுஷ்கோடி அரிச்சல்முனையில போய் நின்னீங்கன்னா ஒரு பக்கம் அமைதியான பெண்கடல் ஒரு பக்கம் கொந்தளிக்கிற ஆண்கடல்னு ஒரே இடத்துல ரெண்டையும் பாக்கலாம். வெளிநாட்டுக்கும் இதே கணக்குதான், நாடு எதுன்னு கேட்டா பத்தாது, அதுல எந்தக் கரைன்னு கேக்கணும்.

இலங்கையையே எடுத்துக்கங்க, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் சுமார் 30 கிலோமீட்டர்தான். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேக்குக் கரையில பெந்தோட்டை, காலி பக்கம் கடல் அடிக்கும், அதே நேரம் கிழக்குக் கரையில திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பே எல்லாம் நல்லா இருக்கும். டிசம்பர்ல இருந்து மார்ச்னா காலி, மிரிஸ்ஸ பக்கம் போகணும். தாய்லாந்துல புக்கெட், கிராபி ரெண்டும் மேக்குக் கரை, மே முதல் அக்டோபர் வரை அங்க காத்தும் மழையும்தான், சிமிலன் தீவுகளை மே பாதியில இருந்து அக்டோபர் பாதி வரைக்கும் மூடியே வச்சிருவாங்க. ஆனா எதிர்ப்பக்கம் இருக்க கோ சமூய்ல அப்ப பெரிய மழை இருக்காது, அங்க மழைன்னா அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும், நமக்குப் பெய்யிற நேரம்தான். மலேசியாவும் அப்படித்தான், மேக்குப் பக்கம் இருக்க லங்காவிக்கு டிசம்பர் ஜனவரியில போகலாம், கிழக்குப் பக்கம் இருக்க ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளுக்கு அப்ப போனா ஹோட்டலே பூட்டிக் கிடக்கும்.

எங்களை மாதிரி தடைக்காலத்துல போறவங்களுக்கு பாலி பொருந்தும், ஏப்ரல் கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் அங்க மழை கம்மி. மொரீஷியஸும் மே மாசத்துல இதமா இருக்கும், புயல் பயம் அதிகம் இருக்கறது ஜனவரி முதல் மார்ச் வரைதான். துபாய்க்கு மே மாசம் யாரையும் அனுப்பாதீங்க, 40 டிகிரிக்கு மேல போயிரும், நவம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள போகட்டும். சுவிட்சர்லாந்துக்கு மே மாசம் போனா உயரமான மலைப்பாதை சிலது இன்னும் பனியில மூடித்தான் இருக்கும், ஜூன் கடைசின்னா நல்லது. அதுக்கு வேண்டிய, ஐரோப்பா நாடுகள் பலதுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 6 மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்துல ஓடக் கூடாது.

மாலத்தீவுக்கு மழைக்காலத்துல போகவே கூடாதுன்னு நான் சொல்லல. இதே கச்சான் காலத்துல, ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும், பா அட்டோல்ங்கிற பவளத்தீவுக் கூட்டத்துல ஹனிஃபாரு வளைகுடாவுக்கு மாண்டா ரேங்கிற பெரிய பெரிய திருக்கை, நம்ம கொம்புத்திருக்கை ஜாதி, இரை தேடி கூட்டமா வரும், அதைப் பாக்கவே உலகம் பூரா இருந்து வர்றாங்க. அதுக்குப் போறவங்களுக்கு அதுதான் சீசன். தெளிஞ்ச தண்ணி, அமைதியான கடல் வேணும்னா ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும். கிறிஸ்துமஸ், புதுவருஷ நேரத்துல ரேட் உச்சத்துல இருக்கும், ஏப்ரல்ல அதை விடக் குறையும். நாங்க படகு வேலையைத் தம்பிகிட்ட ஒப்படைச்சுட்டு தடை ஆரம்பிச்ச முதல் ரெண்டு வாரத்துக்குள்ளயே போயிருந்தா கச்சானுக்கு முந்தி நல்ல கடலைப் பாத்துருக்கலாம், இது எனக்கு இன்னும் ஆறல.

பிள்ளைங்க ராத்திரி பகல் பாக்காம உழைச்சு சேத்த காசு ஆசிரியர் ஐயா, அப்பா அம்மா வாழ்க்கையில ஒரு தடவையாவது ராஜா மாதிரி இருக்கட்டும்னு அனுப்புறது. அதனால கேக்குறேன், இனிமே டூர் பத்தி போடும்போது ரேட்டுக்குப் பக்கத்துலயே எந்த மாசம், எந்தக் கரை, காத்து எந்தப் பக்கம்னு மூணையும் போடுங்க. தீவுன்னா ரூம் எந்தத் திசையில இருக்குன்னு கேட்டு வாங்கச் சொல்லி எழுதுங்க, தீவுக்குப் போற கடைசி விமானம் எத்தனை மணிக்குன்னும் சேத்துப் போடுங்க.

அடுத்த தடைக்காலத்துக்கு சின்னவன் பாலிக்கு ஏற்பாடு பண்றான். எந்தக் கரையில ரூம்னு கேட்டுட்டுத்தான் பணம் கட்டணும்னு சொல்லிருக்கேன், இன்னும் பதில் வரல.

இப்படிக்கு,
ஒரு விசைப்படகு உரிமையாளர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.