சாதுப் பிள்ளைகளும் கணக்கில் வரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லண்டன் மனநல மருத்துவர் லோர்னா விங்கின் ஆட்டிசம் ஆய்வைப் பற்றிச் சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்டிசம் உள்ள மகளைப் பெற்ற தாயே ஆய்வாளராகவும் ஆனதை உருக்கமாக எழுதியிருந்தீர்கள். அவர் என்னதான் கண்டுபிடித்தார் என்பதை மட்டும் இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். 'கொள்ளைநோய் போல் பரவும் ஆட்டிசம்' என்று நீங்கள் போட்ட தலைப்போ அவருடைய ஆய்வுக்கே நேர் எதிர்.

1966இல் ஆய்வாளர் விக்டர் லாட்டர் இங்கிலாந்தின் மிடில்செக்ஸில் எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, ஆட்டிசம் உள்ளவர்கள் 10,000 பேருக்கு 4.5 பேர் என்றார். 1979இல் விங்கும் ஜூடித் கூல்டும் தென் லண்டன் கேம்பர்வெல் பகுதியின் கணக்கை வெளியிட்டபோது அது 21 ஆகியிருந்தது. இடையில் புதுக் கிருமி எதுவும் வந்துவிடவில்லை. 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் என்று விவரித்த பிள்ளைகளைப் போலவே இருப்பவர்களைத்தான் லாட்டர் தேடினார். விங்கும் கூல்டும் அந்தப் பகுதியில் சிறப்புக் கவனிப்பு தேவைப்பட்ட பிள்ளைகளையெல்லாம் தேடிப் போய், பழகுவதிலும் பேச்சிலும் கற்பனை விளையாட்டிலும் யார் யார் தடுமாறுகிறார்கள் என்று பார்த்தார்கள். இன்று உலகச் சுகாதார நிறுவனம் 127 பேருக்கு ஒருவர் என்கிறது. வரையறை விரிந்ததும், அடையாளம் காணத் தெரிந்தவர்கள் பெருகியதும்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

அந்த ஆய்வு பிள்ளைகளை மூன்று விதமாகப் பிரித்தது. ஒதுங்கியே இருப்பவர்கள், தாமாக நெருங்காவிட்டாலும் கூப்பிட்டால் கூட வருபவர்கள், வலிய வந்து வினோதமாகப் பழகுபவர்கள். நடுவில் உள்ளவர்கள்தான் நம் வீடுகளில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறார்கள். பினாங்கில் அரசாங்க கிளினிக் ஒன்றில் தாய்சேய் பிரிவில் தாதியாக இருந்தவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்வேன். அம்மா ஃபேக்டரி ஷிப்டில் இருப்பார். பாட்டிதான் பிள்ளையைத் தூக்கி வருவார். "ரொம்ப சாது மிஸ்ஸி, உக்கார வெச்ச எடத்துலயே இருப்பான்" என்பதில் அவருக்கு ஒரு பெருமை. இன்னும் பேச்சு வரவில்லையே என்றால், "அவங்கப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்."

நம் மலேசியாவில் 18 மாதத்திலும் 3 வயதிலும், ஆட்டிசத்தின் அறிகுறிகள் உண்டா என்று பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் என்ற கேள்வித்தாளைக் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கூட்டம் நிறைந்த காலை வேளையில், மலாயில் உள்ள இருபது சொச்சம் கேள்விகளுக்கும் வரிசையாக 'ஆம்' என்று கோடு போட்டுத் திருப்பித் தருபவர்களே அதிகம். 'பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்ததுண்டா?' என்பதற்கும் ஆம்தான்! அப்படி வந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு பாட்டியிடம் தமிழிலேயே கேட்டேன்: "மேல ஏரோப்ளேன் போனா, வெரல நீட்டி 'அங்க பாரு'ன்னு காட்டுவானா?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எதாச்சும் வேணும்னா என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவான். காட்டமாட்டான் மிஸ்ஸி." தாளில் கிடைக்காத பதில் அது. இப்படி ஒரு பதில் வந்ததுமே ஆட்டிசம் என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆனால் அந்தப் பிள்ளையை மருத்துவர் ஒருவர் நிதானமாகப் பார்த்தாக வேண்டும்.

கட்டுரையின் கடைசியில் 'தடுப்பூசி பற்றிய ஐயமும் நிலவுகிறது' என்று ஒரு வரி. ஏன் அதை அப்படியே தொங்கவிட்டீர்கள்? தடுப்பூசியால் ஆட்டிசம் வருமோ என்ற அந்த ஐயத்தைக் கிளப்பிய பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதியது. 2010இல் அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் அவர் பெயரையும் பிரிட்டிஷ் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வந்தது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்எம்ஆர் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் அதில் தொடர்பு தென்படவில்லை. இங்கே அந்த ஊசியை 9, 12 மாதங்களில் போடுகிறோம். பேச்சு வரவில்லை என்று வீட்டார் கவனிப்பது ஒன்றரை, இரண்டு வயதில். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது.

ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 2 ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் வரட்டும் என்று காத்திராமல், அந்தக் கேள்விகளைப் பாட்டிமார் பேசும் தமிழில், பெரிய எழுத்தில், அரைப் பக்கத்துக்குப் போடுங்கள். பக்கத்தில் ஒரு மருத்துவரின் விளக்கமும் இருக்கட்டும். வெட்டி எடுத்துப் பாலர் பள்ளிகளில் ஒட்டிவைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
பிறை, பினாங்கு