மாத்திரைப் பையைக் கேட்டு வாங்கிப் பார்த்தவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

74 வயதான என் தாயார் ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு நலமாக வீடு திரும்பியிருக்கிறார். அந்த நாள்களில் துணைநின்றவர்களில் பலரின் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி எதிர்வீட்டு மக்சிக்குக்கு உரியது; மூத்த பெண்மணியை மலாயில் அப்படித்தான் அழைப்பார்கள். விடிவதற்குள் வாசலில் கோலமிட்டு முடித்துவிடும் அம்மா, அன்று வெயில் ஏறியபின் கோலப்பொடிக் கிண்ணத்துடன் மின்தூக்கி அருகே நின்றுகொண்டு, கிணற்றுக் கயிறு எங்கே என்று அவரிடம் கேட்டிருக்கிறார். ஒன்பதாம் மாடியில் ஏது கிணறு? மக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இருபது ஆண்டுகளாகத் தம்முடன் மலாயில் மட்டுமே பேசிவந்தவர் திடீரென்று தமிழில் பேசியதிலிருந்தே ஏதோ சரியில்லை என்று ஊகித்து, கதவைத் தட்டி என்னை எழுப்பினார். அதற்கு முந்திய மூன்று நாளும் அம்மாவுக்குத் தலைவலியும் குமட்டலும் நடையில் தள்ளாட்டமும் இருந்தன. வயதின் அசதி என்று நான் இருந்துவிட்டேன்.

அவசர மருத்துவ ஊர்திக்கான 995 எண்ணை அழைத்ததும் வந்த துணை மருத்துவர்கள் பதற்றமின்றி அம்மாவைக் கொண்டு சேர்த்தனர். பக்கவாதம் என்றே நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். இரத்தப் பரிசோதனையோ வேறொன்றைக் காட்டியது: லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் என்னும் உப்புச்சத்து, 116ஆக இறங்கியிருந்தது.

காரணத்தைத் தேடிப் பிடித்தவர்களில் மருந்தாளரை நான் தனியே குறிப்பிட வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்தவை மட்டுமின்றி, வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துவரும்படி அவர் கேட்டார். அம்மாவின் பையை மேசையில் கவிழ்த்தபோது, இரத்தக் கொதிப்புக்காகச் சிறுநீரைக் கூட்டும் நீர்மாத்திரையோடு இபுபுரோஃபென் அட்டைகள் மூன்று விழுந்தன, இரண்டு காலி. முட்டிவலிக்கென்று ஜோகூர் பாருவிலிருந்து அவற்றை வாங்கி வந்தவன் நான்தான். மாத்திரை உடம்புக்குச் சூடு என்பதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பு தண்ணீர் குடிப்பது அம்மாவின் வழக்கம். மருந்தாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. காலி அட்டைகளின் குழிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, நடந்ததை விளக்கினார். உடலில் தண்ணீரைத் தேக்கிவைக்கும் ஹார்மோன் ஒன்று உண்டு. அது சிறுநீரகத்தில் அளவுமீறி வேலை செய்யாதபடி புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் தடுத்துவருகிறது. இவ்வகை வலிநிவாரணிகள் வலியைக் குறைப்பதற்காக அந்தப் பொருளையே குறைத்துவிடுவதால், வெளியேற வேண்டிய நீர் உள்ளேயே தங்கி, இரத்தத்திலுள்ள சோடியத்தை நீர்த்துப்போகச் செய்கிறது. நீர்மாத்திரைகளில் தயசைட் வகை, சோடியத்தைச் சிறுநீரில் கழியவும் விடுகிறது. இரண்டும் சேர்ந்து, மேலே செம்பு செம்பாகத் தண்ணீரும் சேர்ந்தால், வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஆபத்து கூடுதல் என்றார். டிராமடால் போன்ற வேறு வகை வலி மாத்திரைகளாலும் சிலருக்குச் சோடியம் இறங்கலாம் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

இரவுப் பணித் தாதியரின் பொறுமையை எப்படிச் சொல்வது? குறைந்ததை உடனே ஏற்றிவிடலாமே என்று நான் நச்சரித்தேன். வேகமாக ஏற்றினால் மூளையின் நரம்புறைகள் சிதையக்கூடும் என்றும், அதனால் ஒரு நாளில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயராதபடி பார்த்துக்கொள்கிறோம் என்றும், கேட்ட ஒவ்வொரு முறையும் அவர்கள் விளக்கினார்கள். சில மணிக்கொரு முறை இரத்தம் எடுத்தார்கள். அம்மா குடிக்கும் நீரைக் கோடு போட்ட குவளையில் அளந்து கொடுத்தார்கள். தாகத்தில் அவர் திட்டிய திட்டுகளைச் சிரித்தபடி வாங்கிக்கொண்ட தமிழ்த் தாதிக்கு என் மன்னிப்பும் சேரட்டும்.

நலம் விசாரித்த உறவினர்களுக்கும் நன்றி. ஆனால் சோற்றில் உப்பைக் கூட்டச் சொல்லும் அன்பர்கள் அருள்கூர்ந்து அதை நிறுத்திக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு நேர்ந்தது சமையலில் உப்புக் குறைந்ததால் அன்று. மேலும் அவர் இரத்தக் கொதிப்புக்காரர்.

இப்போது சோடியம் 137. நீர்மாத்திரையை மருத்துவர் மாற்றிவிட்டார். முட்டிவலிக்கு அளவோடு பாராசிட்டமாலும் உடற்பயிற்சியும். மீதமிருந்த இபுபுரோஃபென் அட்டையை மருந்தாளரிடமே ஒப்படைத்துவிட்டேன். மக்சிக்குக்கு மட்டும் இந்த மடல் போதாதாம். முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு, தாமே நேரில் போய் மலாயில் நன்றி சொல்லப்போவதாக அம்மா கூறுகிறார்.

நன்றியுடன்,
ஒரு மகன், சிங்கப்பூர்