டோரோ ஒரு நாள் பயணம் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போர்ச்சுக்கலின் போர்ட்டோ நகரிலிருந்து எங்கள் வேனில் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் வந்து திரும்பியவர்களுக்கும், வரும் பருவத்துக்கு முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். சென்ற அறுவடைக் காலத்தின் இறுதியில் எங்கள் பயணத்தைப் பற்றிய நீண்ட செய்தி ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கி, குழுவுக்குக் குழு தாவி, கடைசியில் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் வழியாக எங்களிடமே வந்து சேர்ந்தது. "இதெல்லாம் உண்மையா?" என்று அவர்கள் கேட்ட விதத்தில் சந்தேகத்தைவிட அக்கறையே மிகுதியாக இருந்தது, அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் ஒருமுறை விளக்கிவிடுவது நல்லது என்று தோன்றியது.

அந்தச் செய்தியில் சொல்லப்பட்டவை பல. ஆற்றுப் பயணம் என்று அழைத்துச் சென்று ஒரு மணி நேரம் மட்டுமே ஆற்றில் விட்டார்கள் என்பது ஒன்று. ஆறு ஆறாகவே இல்லை, ஏரிபோல் அசையாமல் கிடக்கிறது என்பது இன்னொன்று. சாலையோரத்துக் கல் ஒன்றைக் காட்டிப் பத்து நிமிடம் பேசினார்கள் என்பதும் உண்டு. கமிஷனுக்காக எங்களை ஒயின் கடையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பதுதான் கடைசி. முதல் மூன்றும் ரசனையைப் பொறுத்தவை, பதில் சொன்னால் தீர்ந்துவிடும். நான்காவது அப்படிப்பட்டதல்ல.

படகை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பின்யாவ் ஊரின் படகுத் துறையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம் என்றுதான் எங்கள் அறிவிப்பில் தொடக்கம் முதலே இருக்கிறது. போர்ட்டோவிலேயே ஏறி ஆற்றோடு மேலே போகக் கூடாதா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பதுண்டு. தாராளமாகப் போகலாம், அதற்கென்றே பெரிய படகுகள் இருக்கின்றன. ஆனால் ரேகுவா ஊரைச் சென்றடைவதற்கே ஆறேழு மணி நேரம் ஆகிவிடும், ஏனெனில் ஸ்பெயினில் பிறந்து 897 கிலோமீட்டர் ஓடி வரும் இந்த ஆற்றில் படகு செல்லும் போர்ச்சுக்கல் பகுதியில் 5 அணைகள் இருக்க, அவற்றில் கிரெஸ்துமா, கராபடேலோ ஆகிய இரண்டைத் தாண்டினால்தான் ரேகுவா. கராபடேலோவில் படகு ஒடுக்கமான கான்கிரீட் தொட்டிக்குள் நுழைந்து நிற்கும். பின்னால் கதவு மூடும். தண்ணீர் நிரம்ப நிரம்பப் படகு 35 மீட்டர் உயரத்துக்கு ஏறும். அதன் பிறகே முன்கதவு திறக்கும். பார்க்க வேண்டிய காட்சிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் டோரோ ஒயின் வட்டாரத்தின் எல்லை தொடங்குவதே ரேகுவாவுக்குச் சற்று முன்னால்தான் என்பதால், அந்த வழியில் வருபவர்கள் பகல் பொழுதின் பெரும்பகுதியை வட்டாரத்துக்கு வெளியிலேயே கழித்துவிட்டு, திராட்சைத் தோட்டத்துக்குள் போதிய நேரம் நடக்காமலே திரும்பும் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். நாங்கள் நெடுஞ்சாலையில் அமரான்ட் வழியாக வந்து, 2016இல் திறக்கப்பட்ட மராவ் சுரங்கப்பாதையைக் கடந்து, காலையிலேயே பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடுவது இதற்காகத்தான்.

ஆறு ஏரிபோல் இருப்பதும் அணைகளின் விளைவே. பின்யாவ் நின்றிருப்பது ரேகுவா அணைக்கும் வலெய்ரா அணைக்கும் இடையில் தேங்கிய நீரின் கரையில். அணைகள் வருவதற்கு முன் இது பாறைகளும் சுழல்களும் நிறைந்த ஆறு. ரபேலோ என்னும் தட்டையான அடிப்பகுதி கொண்ட படகுகளில் ஒயின் பீப்பாய்களை அடுக்கி, பின்புறத்து உயர்ந்த மேடையில் நின்றபடி நீண்ட துடுப்பால் திசைதிருப்பிக்கொண்டு போர்ட்டோவின் எதிர்க்கரையான கையாவுக்குக் கொண்டுசேர்த்தார்கள். இந்த ஆற்றை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் வரைந்த ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் என்னும் ஒயின் வணிகரே 1861இல் வலெய்ராச் சுழலில் படகு கவிழ்ந்து இறந்துபோனார். அப்படிப்பட்ட ஆற்றில் இன்று குழந்தைகளையும் முதியவர்களையும் அச்சமின்றி உட்கார வைக்க முடிகிறது என்றால் அது அசையாமல் கிடப்பதால்தான். அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணைக் கைபேசியிலிருந்து எடுத்துச் சரிவுகளைப் பார்த்தால் போதும், இந்த மண்ணின் கதை முழுவதும் எழுதிவைத்ததுபோல் தெரியும்: சிஸ்ட் எனப்படும், தகடு தகடாகப் பிளக்கும் பாறையை உடைத்துச் சுண்ணாம்பு இல்லாமல் அடுக்கிய பழைய சுவர்கள், அவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று வரிசைக் கொடிகள் மட்டுமே நிற்கும் குறுகிய படிகள், இயந்திரம் வெட்டிய புதிய மண்படிகள், சில இடங்களில் மலையின் மேலிருந்து கீழாக நேரே இறங்கும் வரிசைகள். இடையிடையே புதரும் ஒலிவ மரமும் மண்டிக் கிடக்கும் படிகள் வெறும் காடல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஃபில்லாக்செரா என்னும் பூச்சி கொடிகளின் வேரைத் தின்று அழித்தபோது கைவிடப்பட்டு, பிறகு யாரும் மறுபடி நடாமல் விட்ட தோட்டங்கள் அவை.

அந்தக் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர் 1756இல், இந்த வட்டாரத்து ஒயினான போர்ட் ஒயினின் பெயரில் கண்ட கண்ட கலப்படமும் விற்கப்படுவதைத் தடுக்க, எந்த நிலத்தின் திராட்சை அந்தப் பெயருக்கு உரியது என்று எல்லை வகுக்கச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் 300க்கும் மேற்பட்ட கருங்கற்கள் நடப்பட்டன. நாங்கள் காட்டுவது அவற்றில் ஒன்று. சட்டத்தால் எல்லை வகுக்கப்பட்ட உலகின் மிகப் பழைய ஒயின் வட்டாரங்களில் ஒன்றாக இது பேசப்படுவதும், 2001இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததும் சும்மா அல்ல. பத்து நிமிடம் அதற்கு அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி கமிஷன். எங்கள் ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். ஒயின் சுவைபார்ப்பதற்குத் தோட்டத்தார் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணத்தை உங்கள் பயணக் கட்டணத்திலிருந்து நாங்கள் முன்கூட்டியே கட்டிவிடுகிறோம். அதன் பிறகு நீங்கள் அங்கே ஒரு பாட்டில் வாங்கினாலும், பெட்டி பெட்டியாக வாங்கினாலும், வெறுங்கையோடு வந்து வேனில் ஏறினாலும் எங்களுக்கு அதில் ஒரு சென்ட்கூட வருவதில்லை. கமிஷன் தருகிறோம், ஆட்களை எங்கள் கடைக்கு அழைத்து வாருங்கள் என்று எங்களைத் தேடி வந்தவர்கள் உண்டு. அவர்களிடம் நாங்கள் போவதில்லை. ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் தோட்டத்தில் மதியச் சாப்பாடு இலவசம், கிறிஸ்துமஸுக்கு இரண்டொரு பாட்டில் அன்பளிப்பாக வருவதும் உண்மை. அதையும் கமிஷன் என்று கணக்கெழுத விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

அன்று நடந்தது இதுதான். செப்டம்பர் மாதம், அறுவடை உச்சத்தில் இருந்தது. பின்யாவுக்கு மேலே மலைச்சரிவில் ஒரு குடும்பம் நடத்தும் சிறிய தோட்டம்தான் எங்கள் இரண்டாவது நிறுத்தம். முற்றம் முழுவதும் திராட்சைப் பெட்டிகள், தரையெல்லாம் ஒட்டும் சாறு, குளவிகள், பின்பக்கமாக வந்து நிற்கும் லாரி. அந்த வாரங்களில் வீட்டுக்காரர் தொட்டியைவிட்டு நகர முடியாது. போர்ட் ஒயின் இனிப்பாக இருப்பதற்குக் காரணமே, சாறு நுரைத்துப் புளித்துக்கொண்டிருக்கும்போது சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி மிஞ்சியிருக்கையில், 77 சதவீதச் சாராயத்தை ஊற்றிப் புளிப்பை நிறுத்திவிடுவதுதான்; அந்த நேரத்தைத் தவறவிட்டால் அந்தத் தொட்டி கைவிட்டுப் போய்விடும். ஆகவே கிடங்குக்குள் யாரையும் விட முடியாது, சுவைபார்க்கும் அறையில் அமரச் செய்யுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். அந்த அறையிலேயேதான் அவர்கள் பாட்டில்களும் விற்கிறார்கள், ஏனெனில் அந்த வீட்டில் வேறு அறை இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த நேரம், வெள்ளை போர்ட், ரூபி என்னும் சிவப்பு வகை, பீப்பாயில் முதிர்ந்த டானி வகையில் 10 ஆண்டு, 20 ஆண்டு ஆகிய நான்கையும் வரிசையாகச் சுவைக்க எப்போதும் ஆகிற நேரம்தான். ரூபியின் சிவப்பு மரப்பீப்பாய்க்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்து எப்படி வறுத்த கொட்டையின் நிறத்துக்கு மாறுகிறது என்பதைக் கோப்பைகளை வெள்ளைத்தாளின் மேல் வைத்துக் காட்டாமல் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதற்கு அவசரப்படவும் முடியாது.

விற்பனையைக் குறைவாகப் பேசுபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1986 வரை போர்ட் ஒயினை ஏற்றுமதி செய்வது கையாவில் கிடங்கு வைத்திருந்த நிறுவனங்களின் கையில்தான் இருந்தது. மலையில் திராட்சை வளர்த்த சிறு குடும்பங்கள் தங்கள் ஒயினை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டியிருந்தது. சட்டம் மாறிய பிறகுதான் இவர்கள் தங்கள் பெயரை ஒட்டிய பாட்டிலைத் தங்கள் வாசலிலிருந்தே வெளிநாட்டுக்கு அனுப்ப முடிந்தது. பெரிய நிறுவனங்களின் பளபளப்பான அரங்குகளை விட்டுவிட்டு உங்களை இந்த வீட்டுக்கு நாங்கள் அழைத்துப் போவதற்கு அதுதான் காரணம். வேறு காரணத்தை யாரோ கற்பித்து, அது முகம் தெரியாதவர்களின் கைபேசியெல்லாம் ஏறி இறங்கியதில் அந்தக் குடும்பத்தின் முன்னாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இந்த நாட்டில் எங்களைப் போன்ற ஒவ்வொரு நிறுவனமும் சட்டப்படி ஒரு புகார்ப் புத்தகம் வைத்திருக்கிறது; கேட்பவருக்குத் தர மறுக்கக் கூடாது, எழுதினால் அதன் மூலப்படியை உரிய அரசு அமைப்புக்கு அனுப்பியாக வேண்டும். எங்கள் மேசையில் அது அன்றும் இருந்தது. அதில் எழுதியிருந்தால் நான் பதில் சொல்லும் கடமை உள்ளவன். சொல்லவும் ஒரு வழி இருந்திருக்கும்.

திராட்சையை மிதிக்க விடவில்லை என்ற மனக்குறையும் சிலருக்கு உண்டு. கருங்கல் தொட்டியில் தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நின்று மிதிப்பது இன்றும் சில தோட்டங்களில் நடக்கிறது, ஆனால் பகலெல்லாம் பறித்து முடித்த பிறகு, பெரும்பாலும் மாலையில். அந்த நேரத்தில் நாம் போர்ட்டோவை நோக்கித் திரும்பிக்கொண்டிருப்போம். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் பள்ளத்தாக்கில் ஒரு இரவு தங்குவதுதான் வழி.

சைவ உணவைப் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்குச் சுருக்கமாக: இங்குள்ள கீரைச் சூப்பில் ஒரு துண்டுப் பன்றித் தொத்திறைச்சி மிதப்பது வழக்கம், அதை எடுத்துவிட்டால் சைவம் ஆகிவிட்டது என்று சமையலறையில் நம்புகிறவர்களும் உண்டு. ஆகவே முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். தனிப் பாத்திரத்தில் சமைக்கச் சொல்லிவிடுகிறோம். மது அருந்தாதவர்களுக்குத் திராட்சைச் சாறு உண்டு, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் அதுவே.

நிறுவனத்துக்குள் நடந்த மாற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கல்லைப் பற்றி அத்தனை ஆர்வத்தோடு பேசிய எங்கள் வழிகாட்டி, குடும்பக் காரணங்களால் லிஸ்பனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவரோடு வந்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். தாத்தா பாட்டிகளுக்குக் கை கொடுத்துப் படகில் ஏற்றிவிடும் பொறுமையும், ஒரே கேள்வியை நான்காம் முறை கேட்டாலும் முதல் முறைபோலப் பதில் சொல்லும் குணமும் எளிதில் கிடைப்பவையல்ல. அவருடைய இடத்துக்கு ரேகுவாவிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் வந்திருக்கிறார், திராட்சைக் கொடியைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அதிகம் அறிந்தவர். வார நாட்களில் விளக்கம் அவர் பேசும் ஆங்கிலத்தில் இருக்கும், சனி, ஞாயிறுகளில் நானே வேனில் வந்து தமிழில் சொல்வேன்.

டீசல், சுங்கக் கட்டணம், காப்பீடு, தோட்டத்தார் உயர்த்திய சுவைபார்க்கும் கட்டணம் ஆகியவற்றை இவ்வளவு காலம் நாங்களே தாங்கி வந்தோம். ஏப்ரல் 1 முதல் புதிய கட்டணம் நடைமுறைக்கு வருகிறது. முன்பணம் கட்டிவிட்டவர்களுக்குப் பழைய கட்டணமே.

அந்தச் செய்தி சுற்றிக்கொண்டிருந்த வாரங்களிலும் முன்பதிவை ரத்து செய்யாமல் வந்தவர்களுக்கும், "நாங்கள் போய் வந்தோம், அப்படியெல்லாம் இல்லை" என்று தாங்களாகவே அந்தக் குழுக்களில் பதில் எழுதியவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்களில் பலர் முதலில் பிள்ளைகளோடு வந்து, பிறகு பெற்றோரை அழைத்து வந்து, அதன் பிறகு நண்பர்களை அனுப்பிவைத்தவர்கள். விளம்பரத்துக்குச் செலவு செய்யாமல் இந்தச் சிறிய நிறுவனம் நடப்பது உங்கள் வாய்மொழியால்தான்.

வரும் பருவத்துக்கு வருபவர்கள் கவனிக்க: ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போர்ட்டோவில் கடற்காற்று குளிர்ந்து வீசும் நாளிலும் பள்ளத்தாக்கில் வெயில் 40 பாகையைத் தொடுவதுண்டு, ஆகவே தொப்பியும் தண்ணீரும் அவசியம். ரேகுவாவிலிருந்து பின்யாவுக்கு ஆற்றங்கரையோடு போகும் சாலையில் வளைவுகள் மிகுதி; தலைசுற்றல் உள்ளவர்கள் சொன்னால் முன்னிருக்கை தருவோம். செப்டம்பரில் வருபவர்களுக்கு இரண்டாவது தோட்டத்தில் கிடங்கு மூடியிருக்கக்கூடும் என்பதை முன்பதிவு உறுதிச் சீட்டிலேயே இனி அச்சிட்டுத் தருகிறோம். வார நாளில் பதிவு செய்துவிட்டுச் சனி அல்லது ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ள விரும்புபவர்கள் மார்ச் 31க்குள் எழுதினால், இடம் இருக்கும்வரை கூடுதல் கட்டணம் இல்லாமல் மாற்றித் தருவோம்.

அன்புடன்,
உரிமையாளர்,
போர்ட்டோ